ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்குப் பிறகு கால் எரிச்சல், மரத்துப்போதல்: நிறுத்துவதா, தொடர்வதா?

மழைக்காலம் எழுதியது:

வணக்கம். சிறுநீர்த் தொற்றுக்காகச் சிப்ரோஃபிளாக்சசின் 500 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பிட்டு வருகிறேன். நீர்க்கடுப்பு நின்றுவிட்டது, காய்ச்சலும் இல்லை. ஆனால் முந்தாநாள் இரவு முதல் இரண்டு உள்ளங்கால்களும் எரிகின்றன. போர்வை உரசினாலே தாங்க முடியவில்லை. கால் விரல்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. இன்று காலை கை விரல் நுனிகளிலும் தொடங்கிவிட்டது. எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டேன். எடுத்தவர், "சத்துக் குறைவாக இருக்கும், கோர்ஸை முழுதாக முடித்துவிட்டு வாருங்கள்" என்றார். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளிலோ நரம்பு பாதிப்பு என்று ஒரு வரி இருக்கிறது. பாதியில் நிறுத்தினால் கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் சக்தி வந்துவிடும் என்றும் படித்திருக்கிறேன். இன்றிரவு மாத்திரையை விழுங்குவதா, வேண்டாமா? அதற்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.


பழைய மருந்தாளுநர் எழுதியது:

அம்மா, அடுத்த மாத்திரையை விழுங்கும் முன் ஒரு மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தொலைபேசியை எடுப்பவரிடம் அல்ல, மருத்துவரிடமே. அவர் கிடைக்கவில்லை என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு வாக்கியங்கள் போதும்: "சிப்ரோஃபிளாக்சசின் சாப்பிடுகிறேன். தொடங்கிய பிறகு கால்களில் எரிச்சலும் விரல்களில் ஊர்வது போன்ற உணர்வும் வந்திருக்கின்றன." மருந்தின் பெயரையும் அறிகுறியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கால் எரிகிறது என்று மட்டும் சொன்னால் அது ஆயிரம் காரணங்களில் ஒன்றாகிவிடும்.

சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின், மாக்சிஃபிளாக்சசின், ஆஃப்ளாக்சசின், நார்ஃபிளாக்சசின் எல்லாம் ஃபுளோரோகுயினலோன் என்ற ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தால் வரும் புற நரம்பு பாதிப்பை, அதாவது மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வெளியே கை கால்களுக்கு ஓடும் நரம்புகளின் பாதிப்பைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2013 ஆகஸ்டில் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே பாதிப்பு வரலாம், மருந்தை நிறுத்திய பிறகும் நீடிக்கலாம், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடலாம் என்றது. எரிச்சல், வலி, ஊர்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல், பலவீனம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இந்த மருந்தை நிறுத்திவிட்டு வேறு குடும்பத்து மருந்துக்கு மாற்ற வேண்டும். தொடர்வதால் வரும் நன்மை ஆபத்தைவிடப் பெரிது என்றால் மட்டுமே தொடரலாம். அந்தக் கணக்கை மருத்துவர்தான் போட வேண்டும். உங்கள் நிலையில் தொற்று அடங்கியிருக்கிறது, அறிகுறி காலிலிருந்து கைக்கு ஏறியிருக்கிறது. அதனால்தான் நாளை வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

கோர்ஸை முடிப்பது பற்றி. "பாதியில் நிறுத்தாதே" என்ற அறிவுரை, உடம்பு கொஞ்சம் தேறியவுடன் அலட்சியமாக மருந்தை விடுபவர்களுக்காகச் சொல்லப்பட்டது. மருந்து உங்களையே தாக்கும்போது அதை மாற்றுவது அலட்சியம் ஆகாது. சிக்கலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்குச் சிப்ரோஃபிளாக்சசின் 3 நாள் போதும் என்று நெறிமுறைகளே சொல்கின்றன. தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் உடலில் உள்ள மற்றக் கிருமிகள் எதிர்ப்புச் சக்தி பெறவும் வாய்ப்புத் தருகிறது.

இன்னொன்று. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் வலியோ வீக்கமோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இதே குடும்பத்து மருந்துகள் அந்த நாணை அறுத்துவிடக்கூடும். 2008-லேயே அதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை, அதாவது எஃப்.டி.ஏ-வின் மிகக் கடுமையான வகை எச்சரிக்கை, வந்துவிட்டது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சில வாரங்களுக்கு ஓட்டம், கனமான உடற்பயிற்சி வேண்டாம்.


வேர்த்தேடல் எழுதியது:

மருத்துவரிடம் கேட்டு அவர் என்ன சொல்லப்போகிறார்? என் அண்ணனுக்குச் சாதாரண மூக்கடைப்புக்கு லீவோஃபிளாக்சசின் எழுதினார்கள். சைனஸ் என்று சொன்னார்கள். அதன் பிறகு அவரால் பழையபடி நடக்க முடியவில்லை. இரவில் தூக்கம் இல்லை, மனம் படபடக்கிறது, கால் எரிகிறது. எத்தனையோ பேரைப் பார்த்தோம். மனப்பதற்றம் என்றே எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஆன்டிபயாட்டிக் எல்லாமே நரம்பைத் தின்னும் விஷம். மழைக்காலம் அவர்களே, இப்போதே தூக்கி எறியுங்கள். இங்கே படிக்கும் எல்லோரும், எந்த ஆன்டிபயாட்டிக் ஆனாலும், காலில் ஊசி குத்துவது போலத் தோன்றிய நொடியே நிறுத்துங்கள். யாரையும் கேட்காதீர்கள்.


அகல்விளக்கு எழுதியது:

வேர்த்தேடல் அவர்களே, உங்கள் அண்ணனுக்கு நடந்தது கொடுமை. ஆனால் கடைசி மூன்று வரிகளைத் தயவுசெய்து திருத்துங்கள். அதைக் காசநோய் மருந்து சாப்பிடும் ஒருவர் படித்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

என் தங்கைக்கு வந்தது வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய். பெடாகுலின், ப்ரீடோமானிட், லினிசோலிட் என்ற மூன்றும் சேர்ந்த சிகிச்சை. லினிசோலிட் நரம்பைப் பாதிக்கும் என்று முதல் நாளே மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இந்தச் சிகிச்சையை முதலில் சோதித்த நிக்ஸ்-டிபி ஆய்வில் லினிசோலிட் நாளுக்கு 1200 மில்லிகிராம் கொடுத்தார்கள். 109 நோயாளிகளில் 81 சதவீதம் பேருக்குப் புற நரம்பு பாதிப்பு வந்தது. படித்தபோது வயிறு கலங்கியது. ஆனால் அதே ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் குணமானார்கள், அதற்கு முன் பிழைப்பதே அரிது என்று கருதப்பட்ட நோயிலிருந்து. பிறகு வந்த ஸீநிக்ஸ் ஆய்வில் அளவை 600 மில்லிகிராமாகக் குறைத்தார்கள்; நரம்பு பாதிப்பு 24 சதவீதமாக இறங்கியது, குணமடைவது ஏறத்தாழ அப்படியே இருந்தது. 2022-இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்ததும் அந்தக் குறைந்த அளவைத்தான்.

தங்கைக்குக் கால் விரல்கள் மரத்தபோது அன்றே சொன்னோம். மருத்துவர்கள் லினிசோலிட்டைச் சில நாள் நிறுத்திவைத்து, அளவைக் குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். மற்ற இரண்டு மருந்துகளை ஒரு வேளைகூட விடவில்லை. மாதந்தோறும் கண் பரிசோதனையும் செய்தார்கள். லினிசோலிட் பார்வை நரம்பையும் தொடும் என்பதால் எழுத்து மங்குகிறதா, நிறம் வெளுத்துத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிகிச்சை முடிந்துவிட்டது. பாதத்தில் கொஞ்சம் மரத்துப்போதல் இன்னும் இருக்கிறது. அவள் உயிரோடு இருக்கிறாள்.

உங்கள் சொல்லைக் கேட்டு நாங்களே நிறுத்தியிருந்தால்?


முளைவிதை எழுதியது:

நான் நரம்பியல் பயிற்சி மருத்துவர். இணையத்தில் யாருக்கும் நோய் கணிக்க மாட்டேன். பொதுவாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

அகல்விளக்கு சொன்னதில்தான் இந்த இழையின் பதில் இருக்கிறது. ஒரே அறிகுறிதான், எந்த மருந்து என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டியது தலைகீழாக மாறுகிறது. சிப்ரோஃபிளாக்சசின் சாப்பிடுபவருக்குக் கால் எரிந்தால் பெரும்பாலும் மருந்தையே மாற்றுவோம். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுபவருக்கு அதே எரிச்சல் வந்தால் முதலில் பார்ப்பது பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, சேர்த்துக் கொடுக்கப்பட்டதா என்பதை. ஐசோனியசிட் உடலில் பி6 வேலை செய்வதைத் தடுக்கிறது. 1952-இல் அந்த மருந்து வந்த சில ஆண்டுகளிலேயே இந்தக் காரணமும் தெரிந்துவிட்டது, தடுக்கும் வழியும் கிடைத்துவிட்டது. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், மது அருந்துபவர்கள், எச்.ஐ.வி உள்ளவர்கள், சத்துக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு முன்கூட்டியே நாளுக்கு 10 முதல் 25 மில்லிகிராம் வரை பி6 கொடுப்பது வழக்கம். பிறவியிலேயே ஐசோனியசிட்டை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு பலருக்கு உண்டு. அவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இங்கே மருந்தை நோயாளியே நிறுத்துவது பெரிய தவறு.

இதைப் படித்துவிட்டு யாரும் பி6 மாத்திரையை அள்ளிச் சாப்பிட வேண்டாம். அளவு மீறிய பி6 தானே நரம்பைக் கெடுக்கும், அதே கால் மரத்துப்போதலைக் கொண்டுவரும். நரம்புச் சத்து மாத்திரை என்று ஒன்றுக்கு மேல் சாப்பிடுபவர்கள் ஒவ்வொன்றின் உறையிலும் பி6 எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது வகை மெட்ரோனிடசோல். வயிற்றுத் தொற்றுக்கும் பல் தொற்றுக்கும் அடிக்கடி எழுதப்படுவது. சில நாள் சாப்பிட்டால் நரம்பு பாதிப்பு மிக அரிது. இங்கே மொத்தமாக உள்ளே போன அளவுதான் முக்கியம். 42 கிராமைத் தாண்டியவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் காணப்பட்டது. 400 மில்லிகிராம் மூன்று வேளை என்றால் நாளுக்கு 1.2 கிராம், அந்த எல்லையைத் தொட 35 நாள் ஆகும். கல்லீரல் சீழ்க்கட்டி, எலும்புத் தொற்று போன்றவற்றுக்கு நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருக்க வேண்டும். இதே மருந்து சிறுமூளையையும் தாக்கும்: பேச்சு குழறும், நடை தள்ளாடும். எம்.ஆர்.ஐ எடுத்தால் சிறுமூளையின் இருபுறமும் ஒரே இடத்தில் வெண்மையாகத் தெரியும். பார்த்தவர்கள் பக்கவாதம் என்று பயந்துவிடுவார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

ஏன் இந்த மருந்துகள் நரம்பைத் தொடுகின்றன என்று கேட்பார்கள். நம் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, ஆதிகாலத்துப் பாக்டீரியாவின் வழிவந்தது. பாக்டீரியா புரதம் செய்வதை லினிசோலிட் தடுக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியும் சேர்ந்து அடிவாங்குகிறது. ஃபுளோரோகுயினலோன்களும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ-வைப் பாதிப்பதாக ஆய்வுக்கூடச் சான்றுகள் இருக்கின்றன. முதுகுத்தண்டின் அருகிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்பு இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அத்தனை நீளத்துக்கும் ஆற்றல் வேண்டும். பற்றாக்குறை வந்தால் கடைக்கோடிதான் முதலில் தவிக்கும். கால் விரலில் தொடங்கி மேலே ஏறுவதும், பிறகு கைவிரலுக்கு வருவதும் இதனால்தான்.


மழைக்காலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவே அவசரப் பிரிவுக்குப் போனேன். பழைய மருந்தாளுநர் ஐயா சொன்ன இரண்டு வாக்கியங்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். பணியில் இருந்த மருத்துவர் உடனே சிப்ரோஃபிளாக்சசினை நிறுத்தச் சொன்னார். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிருமி இன்னும் இருந்தால் நைட்ரோஃபியூரண்டாயின் தருவதாகச் சொன்னார். அது பாதுகாப்பானதா?


பழைய மருந்தாளுநர் எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். நைட்ரோஃபியூரண்டாயின் வேறு குடும்பம், சிறுநீர்ப்பைத் தொற்றுக்குப் பல நாடுகளில் முதலில் எழுதப்படுவது. பெரும்பாலோருக்கு நல்ல மருந்து. ஆனால் நரம்பு எரிச்சலோடு இருக்கும் உங்களுக்கு மட்டும் ஒரு கேள்வி எழுகிறது: அதுவும் புற நரம்பைப் பாதிக்கக்கூடிய மருந்துதான். சிறுநீரகம் பழுதானவர்களிடம் ஆபத்து அதிகம். சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் பிரிட்டனில் பொதுவாக அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எனவே மருத்துவரிடம் கேளுங்கள்: "எனக்கு ஏற்கெனவே நரம்பு அறிகுறி இருப்பதால் நைட்ரோஃபியூரண்டாயின் சரிதானா? ஃபாஸ்ஃபோமைசின் போன்ற வேறொன்று முடியுமா? கிரியேட்டினின் பார்த்தீர்களா?" (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை அது.) ஃபாஸ்ஃபோமைசின் பெண்களின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 கிராம் ஒரே வேளையாகக் கொடுக்கப்படுவது. எது பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆனால் நீங்கள் கேட்டால்தான் அவர் யோசிப்பார். அவசரப் பிரிவில் அவருக்கு உங்களுக்காக இருக்கும் நேரம் குறைவு.


தும்பைப்பூ எழுதியது:

நரம்பு பாதிப்பு என்றால் எல்லோரும் காலையே பேசுகிறீர்கள். என் அம்மாவுக்கு மூளையில் வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர். நிமோனியாவுக்காக மருத்துவமனையில் செஃபெபிம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். காய்ச்சல் குறைந்தது, நுரையீரலும் தெளிந்தது, ஆனால் அம்மா மாறிக்கொண்டே போனார். முதலில் என்னைச் சித்தி பெயரால் அழைத்தார். பிறகு கேட்டதற்குப் பதில் இல்லை. வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார், கை திடீர் திடீரென்று துள்ளும். வயதானவர்களுக்கு மருத்துவமனையில் குழப்பம் வருவது சகஜம் என்றார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை.

இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர்தான் மருந்துப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்தார். மூளையின் மின் அலை வரைபடம் (இ.இ.ஜி) எடுத்தார்கள். வெளியே தெரியாத வலிப்பு உள்ளே தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. செஃபெபிமை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றிய சில நாட்களில் அம்மா என் பெயரைச் சொன்னார். அந்த இளைஞரை நான் மறக்க மாட்டேன்.

முளைவிதை அவர்களே, இது ஏன் நடக்கிறது?


முளைவிதை எழுதியது:

தும்பைப்பூ, நீங்கள் எழுதியது பாடநூலில் இருப்பது போலவே இருக்கிறது. செஃபெபிம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் மருந்து இரத்தத்தில் தேங்கி மூளைக்குள் ஏறும். மூளையில் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான காபா என்ற வேதித் தூதைத் தடுக்கும். கட்டுப்பாடு தளர்ந்தால் குழப்பம், தசைத் துள்ளல், வலிப்பு. எஃப்.டி.ஏ இதைப் பற்றி 2012-இல் தனியாகவே எச்சரித்தது. பெரும்பாலான நிகழ்வுகளில் சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவு திருத்தப்படவில்லை என்றது. அதிக அளவு பெனிசிலின், இமிபெனம் ஆகியவற்றிலும் இந்த வலிப்பு வரலாம்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு நோய்க்கு வால்புரோயேட் சாப்பிடுபவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால் இரத்தத்தில் வால்புரோயேட் அளவு வேகமாகச் சரியும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். வீட்டில் யாராவது வால்புரோயேட் சாப்பிட்டால் மருத்துவமனையில் சேர்க்கும்போதே அதைச் சொல்லுங்கள்.

முதியவர் "மாறிப்போயிருக்கிறார்" என்று வீட்டுக்காரர்கள் சொல்வதை நாங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அவருடைய இயல்பு என்ன என்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.


காற்றாடி எழுதியது:

ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசிக்குப் பிறகு என் உடல் சமநிலை போனது. தலைச்சுற்றல் இல்லை. நடக்கும்போது பார்க்கும் பொருளெல்லாம் குலுங்குகிறது. கடைப்பலகையைப் படிக்க வேண்டும் என்றால் நின்றுதான் படிக்க வேண்டும். இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு இரு பக்கமும் பழுது என்று கண்டுபிடிக்கவே வெகு காலம் ஆயிற்று. சமநிலைப் பயிற்சிகள் ஓரளவு உதவுகின்றன. ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகளும் இதே இனம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஊசி போடும் நாட்களில் காதில் இரைச்சலோ நடையில் தள்ளாட்டமோ வந்தால் உடனே சொல்லுங்கள். உட்காதில் செத்த செல் திரும்ப முளைப்பதில்லை.


பழைய மருந்தாளுநர் எழுதியது:

காற்றாடி, உங்கள் தாய்வழி உறவில் யாருக்காவது இப்படிப்பட்ட ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாயிடமிருந்து வரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு, சரியான அளவில் போட்டாலும் செவித்திறன் போய்விடும். உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.


வேர்த்தேடல் எழுதியது:

அகல்விளக்கு அவர்களே, காசநோய் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். "யாரையும் கேட்காதீர்கள்" என்பதை எடுத்துவிடும்படி நெறியாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். உங்கள் தங்கையை உட்கார வைத்துச் சொன்னார்கள். என் அண்ணனிடம் ஒருவரும் சொல்லவில்லை. உயிரைக் காக்க ஆபத்தான மருந்து கொடுப்பது வேறு. மூக்கடைப்புக்கு அதைக் கொடுப்பது வேறு. இதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?


பழைய மருந்தாளுநர் எழுதியது:

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கட்டுப்பாட்டு அமைப்புகளே அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன. சிப்ரோஃபிளாக்சசினுக்கு அமெரிக்காவில் 1987-இல் அனுமதி கிடைத்தது. 2016-இல்தான் எஃப்.டி.ஏ தெளிவாகச் சொன்னது: சைனஸ் தொற்று, மூச்சுக்குழாய் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகிய மூன்றுக்கும், வேறு மருந்து இருக்கும்போது, இந்தக் குடும்பத்தைத் தொடாதீர்கள், நன்மையைவிடத் தீமை பெரிது. உங்கள் அண்ணனுக்கு வந்ததும், மழைக்காலம் அவர்களுக்கு வந்ததும் அந்த மூன்றுக்குள் அடங்குபவை. 2018-இல் மனநலப் பாதிப்புகள் பற்றிய எச்சரிக்கையை அதே அமைப்பு வலுப்படுத்தியது: படபடப்பு, கவனச் சிதறல், மறதி, மயக்கநிலைக் குழப்பம். அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமையும் கட்டுப்பாடு விதித்தது. 2024 ஜனவரியில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ இன்னும் ஒரு படி மேலே போனது: பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் மற்ற ஆன்டிபயாட்டிக் பொருந்தாத நிலையில் மட்டுமே இவற்றைத் தர வேண்டும்.

அண்ணனுக்குத் தூக்கம் போனதையும் மனம் படபடத்ததையும் கால் எரிச்சலையும் தனித்தனியாகப் பார்த்தால் மனப்பதற்றம் என்றுதான் தோன்றும். மூன்றையும் மருந்து தொடங்கிய தேதியோடு ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தேதி வரிசை பேசும்.

ஆபத்து எத்தனை பேருக்கு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் பொது மருத்துவப் பதிவுகளை வைத்து 2019-இல் வந்த ஓர் ஆய்வு, ஃபுளோரோகுயினலோன் சாப்பிடும் காலத்தில் புற நரம்பு பாதிப்பின் வாய்ப்பு 47 சதவீதம் கூடுவதாகக் கண்டது. ஆள் எண்ணிக்கையில் பார்த்தால் அது ஆண்டுக்கு 10,000 பேரில் ஏறத்தாழ 2.4 பேர். மருந்து நீளும் ஒவ்வொரு நாளுக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் ஏறியது. அரிதுதான். ஆனால் உலகம் முழுக்க இது எழுதப்படும் அளவைப் பார்த்தால், அந்த அரிதான சிலர் ஓர் ஊரையே நிரப்புவார்கள். அவர்களிடம் "அரிது" என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை தருகிறது.


மழைக்காலம் எழுதியது:

சிறுநீர்ப் பரிசோதனை வந்துவிட்டது. கிருமி வளரவில்லை, வேறு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்றார்கள். எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது, கைவிரல்களில் ஊர்வது போன்ற உணர்வு நின்றுவிட்டது. பாதத்தில் இன்னும் இருக்கிறது. நரம்புக் கடத்தல் சோதனை எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறதாம். அப்படியானால் இந்த எரிச்சல் என் கற்பனையா? எப்போது போகும்?


முளைவிதை எழுதியது:

கற்பனை இல்லை. அந்தச் சோதனை தடித்த நரம்பு இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலையும் வெப்பத்தையும் கொண்டுசெல்பவை மிக மெல்லிய இழைகள்; அவை பழுதானாலும் சோதனை சரியாகவே காட்டும். மெல்லிய இழைகளைப் பார்க்க வேண்டுமென்றால் தோலில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் எண்ணும் சோதனை இருக்கிறது. அறிகுறி குறைந்துகொண்டே வந்தால் அது தேவைப்படாமலும் போகலாம்.

மருந்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். வைட்டமின் பி12, மூன்று மாதச் சர்க்கரை சராசரி, தைராய்டு ஆகியவற்றையும் பாருங்கள். ஏற்கெனவே பி12 குறைந்திருந்த நரம்பை மருந்து தட்டிவிட்டிருக்கலாம். அந்தக் குறையைச் சரிசெய்ய முடியும். (படிப்பவர்களில் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நீண்ட காலமாகச் சாப்பிடுபவர்களும் பி12 பார்ப்பது நல்லது.)

எப்போது போகும்? சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள், ஒரு சிலருக்கு முழுதாகப் போவதில்லை. நரம்பு இழை நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடாமல் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு மருந்தை நிறுத்திய உடனேயே குறையத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி. இரவில் எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் அமிட்ரிப்டிலின், டியூலாக்செடின், காபாபென்டின், பிரிகாபாலின் போன்றவை எரிச்சலை அடக்கும், நரம்பைச் சரிசெய்யாது. மரத்த பாதம் என்றால் தினமும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள், காயம் பட்டது தெரியாமல் போகும். கால் தூக்க முடியாமல் பாதம் தொய்ந்தாலோ, பலவீனம் மேலே ஏறினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மூச்சுத் திணறினாலோ அன்றே அவசரப் பிரிவு.


அகல்விளக்கு எழுதியது:

மழைக்காலம் அவர்களே, இனி எங்கே போனாலும் இதைச் சொல்ல வேண்டும் அல்லவா? "சிப்ரோ ஒவ்வாமை" என்று எழுதி வைத்தால் போதுமா ஐயா?


பழைய மருந்தாளுநர் எழுதியது:

போதாது. ஒவ்வாமை என்று எழுதினால் தடிப்பு, வீக்கம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வாமை மாத்திரையோடு சேர்த்து மறுபடியும் கொடுத்துவிடுவார்கள். மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "சிப்ரோஃபிளாக்சசின்: சாப்பிடும்போது இரு கால், கைகளில் புற நரம்பு பாதிப்பு. ஃபுளோரோகுயினலோன் குடும்பம் முழுவதையும் தவிர்க்கவும்." மாதமும் ஆண்டும் சேர்க்கவும். குடும்பம் என்ற சொல் முக்கியம். இல்லையென்றால் அடுத்த முறை ஆஃப்ளாக்சசின் வரும். அதிலும் வயிற்றுப்போக்குக்கு ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. வணிகப் பெயரைப் பார்த்தால் தெரியாது. ஒன்று உங்களைப் பாதித்த குடும்பம், மற்றொன்று மெட்ரோனிடசோலின் உறவு. பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படிக்காமல் எந்த மாத்திரையையும் வாங்காதீர்கள். உங்கள் நாட்டின் மருந்துப் பக்கவிளைவுப் பதிவு மையத்துக்கும் எழுதுங்கள். 2013, 2016 எச்சரிக்கைகள் உருவானதில் உங்களைப் போன்றவர்கள் அனுப்பிய அறிக்கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.


மழைக்காலம் எழுதியது:

அப்படியே எழுதி வாங்கிவிட்டேன், அறிக்கையும் அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். போன ஆண்டு கண் சிவந்தபோது மாக்சிஃபிளாக்சசின் சொட்டு மருந்து போட்டேன். மறுபடி தேவைப்பட்டால்?


பழைய மருந்தாளுநர் எழுதியது:

2018 ஐரோப்பியக் கட்டுப்பாடு மாத்திரை, ஊசி, உள்ளிழுக்கும் மருந்து ஆகியவற்றுக்குத்தான். சொட்டு மருந்துக்கு அல்ல. கண்ணில் விடும் துளியிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். இருந்தாலும் உங்களுக்கு நடந்ததைக் கண் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு சொட்டு மருந்துகள் நிறைய இருக்கின்றன. போன ஆண்டின் மிச்சப் புட்டி வீட்டில் இருந்தால், நரம்புக்காக இல்லாவிட்டாலும், திறந்த புட்டி என்பதற்காக அதை அப்புறப்படுத்திவிடுங்கள்.